கேள்விக்குப் பின் வரும் மௌனம்

புல்மோட்டையில் என் தங்கச்சி வீட்டுப் பின்விறாந்தையில்தான் ஒரு நிகழ்நிலை விரிவுரையை முதன்முதலாக மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தேன். 2021ஆம் ஆண்டு. மருமகள் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். வளாகத்து வாசலை மிதிக்காமலேயே ஒரு பருவம் முடிந்திருந்தது. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போன், அதற்கு முன்னால் கொப்பி, பக்கத்தில் ஆறிப்போன பிளேன்டீ. வீட்டுக்குள் சிக்னல் இரண்டு கோடுதான் காட்டும். விறாந்தையின் அந்த மூலையில் மூன்று. ஆகவே அதுதான் வகுப்பறை. சமையலறையில் உம்மா தேங்காய் துருவுகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்ததால் பிள்ளை மைக்கை மூடியே வைத்திருந்தாள்.

பாடம் புள்ளிவிபரவியல். விரிவுரையாளர் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். நடுவில் ஒரு கேள்வி கேட்டார்: "இடையும் இடையமும் எப்ப வெகுதூரம் விலகும்? யாராவது சொல்லுங்க பார்ப்பம்."

மருமகள் உடனே கொப்பியில் எழுதினாள்: "ஒரு தோணிக்கு மட்டும் மீன் அள்ளுப்பட்டா." அருமையான விடை. ஒன்பது தோணிகளுக்குப் பத்துப் பத்துக் கிலோவும் பத்தாவது தோணிக்கு ஆயிரம் கிலோவும் பட்டால், இடை, அதாவது சராசரி, 109 கிலோவுக்கு ஏறிவிடும். வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் இடையம் பத்துக் கிலோவிலேயே நிற்கும். கடற்கரை ஊரில் வளர்ந்த பிள்ளைக்குப் பாடநூலின் சம்பளக் கணக்கைவிட இது சட்டென்று வந்திருக்கிறது. எழுதி முடித்துப் பெருவிரலைச் சட்டையில் துடைத்தாள். திரை இருண்டிருந்தது. ஒரு தட்டு. மைக் குறி மறைந்திருந்தது. இன்னொரு தட்டு. குறி வந்ததும் சமையலறைப் பக்கம் திரும்பி, "உம்மா, ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்க" என்றாள். அதற்குள் போனிலிருந்து குரல் வந்துவிட்டது: "சரி, ஒருத்தருக்கும் தெரியாது போல. நானே சொல்றன்."

"ஏன் மகள் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"மைக்கத் திறக்கப் போக சேர் அடுத்த ஸ்லைட்டுக்குப் போயிட்டாரு மாமா. ஒவ்வொரு நாளும் இப்படித்தான்."

அந்த விரிவுரையாளரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் விரிவுரையாளன். அன்றிரவு என் பழைய வகுப்புப் பதிவொன்றைத் திறந்து, நான் கேள்வி கேட்டு முடித்ததற்கும் அடுத்த சொல்லைப் பேசியதற்கும் இடைப்பட்ட நேரத்தைப் போனிலுள்ள கடிகாரத்தால் அளந்தேன். பெரும்பாலான இடங்களில் இரண்டு செக்கன். ஓரிடத்தில் கேள்விக்கும் விடைக்கும் நடுவில் மூச்சுக்கூட விடவில்லை. என் மாணவர்கள் ஆர்வமில்லாதவர்கள் என்று ஒரு வருடமாக நண்பர்களிடம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இணையத்தில் கற்பிக்கிறவருக்குப் பயிற்சி கொடுப்பது பற்றி எத்தனையோ பேசலாம். நான் இந்த இரண்டு செக்கனிலிருந்துதான் தொடங்குவேன்.

மனிதர்கள் பேசும்போது ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்குவதற்கு நடுவில் எவ்வளவு இடைவெளி விழுகிறது? 2009இல் டான்யா ஸ்டிவர்ஸ் தலைமையிலான ஆய்வுக்குழு, உலகின் வெவ்வேறு மூலைகளில் பேசப்படும் பத்து மொழிகளில் இதை அளந்து பார்த்தது. மொழிக்கு மொழி சிறு வித்தியாசம் இருந்தாலும் சராசரி ஏறத்தாழ 200 மில்லி செக்கன்தான், அதாவது ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு. கண் இமைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சொல்லை யோசித்து வாயால் சொல்லத் தொடங்குவதற்கே அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். அப்படியானால் மற்றவர் பேசி முடிப்பதற்கு முன்பே, அவர் எங்கே நிறுத்துவார் என்று கணித்து, நாம் பதிலைத் தயாராக்கிவிடுகிறோம். குரலின் இறக்கம், கண்ணின் அசைவு, மூச்சு இழுக்கிற விதம் எல்லாம் இந்தக் கணிப்புக்கு உதவுகின்றன.

திரை இந்தத் தாளத்தைக் கெடுக்கிறது. ஜூலி போலண்டும் அவருடைய சகாக்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நேருக்கு நேர் உரையாடலில் 135 மில்லி செக்கனாக இருந்த இடைவெளி, சூம் வழியாகப் பேசியபோது 487 மில்லி செக்கனாக நீண்டிருந்தது. இணையம் உண்டாக்கிய தாமதம் அதில் சிறு பகுதிதான். எஞ்சியது, தாளம் தப்பிப்போன மூளை தடுமாறியதால் வந்தது என்பது அவர்களின் விளக்கம். இத்தனைக்கும் அங்கே பேசியவர்கள் மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிய இரண்டு பேர். இருட்டுத் திரை, மறைந்த குறி, தேங்காய் துருவல், எழுபது பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்ற கூச்சம், ஆங்கிலத்தில் பிழை விட்டுவிடுவோமோ என்ற பயம் எதுவும் அங்கே இல்லை.

ஆசிரியர்கள் நேர் வகுப்பிலும் அவசரக்காரர்கள்தான். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆண்டுக்கணக்கில் கேட்டு, 1970களில் எழுதிய கட்டுரைகளில் இதைக் காட்டினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு செக்கன். அதை மூன்று செக்கனுக்கு நீட்டியதும் மாணவர்களின் விடைகள் பல மடங்கு நீண்டன. விடையோடு காரணமும் சொன்னார்கள். தாமாகவே கேள்வி கேட்டார்கள். வகுப்பில் மந்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகள் வாய் திறந்தார்கள். ரோ இன்னொரு காத்திருப்பையும் கவனித்தார். மாணவர் ஒரு விடை சொன்ன பிறகும் ஆசிரியர் உடனே பாய்ந்து "சரி" என்றோ "பிழை" என்றோ சொல்லாமல் சற்றுப் பொறுத்தால், அந்த மாணவரே தன் விடையை வளர்த்துச் சொல்கிறார். அனுபவமுள்ள விரிவுரையாளர்கள்கூட அதிகம் தவறவிடுவது இந்த இரண்டாவது காத்திருப்பைத்தான்.

வகுப்பறைக்கு மூன்று செக்கன் என்றால் புல்மோட்டை விறாந்தைக்கு எத்தனை? எந்த ஆய்வும் அதற்கு ஒரு எண் சொல்லவேண்டிய தேவையில்லை, உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலாம். கேள்வி காதில் விழுந்து விளங்க மூன்று நான்கு செக்கன். விடை மனதில் உருவாக ஐந்து. திரையைத் தட்டி மைக்கைத் திறக்க நான்கு. வீட்டாரை அமைதிப்படுத்த இரண்டு. எழுத்தில் பதில் போடுவதென்றால் இன்னும் கூடும். பதினைந்து செக்கனுக்குக் குறைந்து காத்திருக்கிற ஆசிரியர், போனில் படிக்கிற பிள்ளைக்குக் கதவைத் திறக்கவே இல்லை.

பதினைந்து செக்கன் மௌனம் எவ்வளவு நீளமானது என்பது, திரைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். இணைப்பு அறுந்துவிட்டதோ என்ற பதற்றம் வரும். தன்னுடைய முகம் மட்டும் ஒரு பெட்டிக்குள் தெரிய, மற்றப் பெட்டிகள் எல்லாம் கறுப்பு. அந்தப் பதற்றத்தைத் தாங்கப் பழகுவது ஒரு திறமை. அதைப் பழக்கித்தான் கொடுக்கவேண்டும்.

இந்த இடத்தில் "ஈடுபாடு" என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்கவேண்டும். புல்மோட்டைக்காரருக்கு இதை விளக்க நல்ல உதாரணம் ஊரிலேயே இருக்கிறது. கடற்கரையின் கறுப்பு மணலை 1957இல் தொடங்கிய கனிய மணல் கூட்டுத்தாபனமும் அதன் வழிவந்த நிறுவனமும் அள்ளிப் பிரித்துவருகின்றன. பார்வைக்கு ஒரே மணல். ஆனால் காந்தத்துக்கு அருகே ஓடவிட்டால் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட் அந்தப் பக்கம் இழுபடுகிறது. மிஞ்சுவதை உயர் மின்னழுத்தத்துக்கு உட்படுத்தினால், மின்னைக் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கமும் கடத்தாத சிர்க்கோன் மறு பக்கமும் போகின்றன. காந்தத்தை எவ்வளவு வலுவாக வைத்தாலும் சிர்க்கோன் அசையாது. அதற்கு வேறு பொறி வேண்டும்.

மாணவர் ஈடுபாடும் அப்படியான கலவை. ஜெனிஃபர் ஃபிரெட்ரிக்ஸ், ஃபிலிஸ் புளூமென்ஃபெல்ட், அலிசன் பாரிஸ் ஆகிய மூவரும் 2004இல் எழுதிய, இன்றுவரை அடிக்கடி எடுத்தாளப்படும் கட்டுரையில் அதை மூன்றாகப் பிரித்தார்கள். வகுப்புக்கு வருவது, ஒப்படையைக் கொடுப்பது போன்ற நடத்தை ஒன்று. பாடத்தின் மீதும் ஆசிரியர் மீதும் உள்ள ஒட்டுதல் இன்னொன்று. மூளையைக் கசக்கிப் பாடத்தோடு மல்லுக்கட்டுவது மூன்றாவது. வரவுப் பதிவு என்ற காந்தம் முதலாவதை மட்டுமே இழுக்கும். "கேமராவைப் போடுங்க, இல்லாட்டி வரவு இல்லை" என்று சொல்கிற ஆசிரியர் முகங்களைப் பெறுவார். அந்த முகங்களுக்குப் பின்னால் சிந்தனை நடக்கிறதா என்பதைக் கேமரா காட்டாது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லியும் சர்வரியும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், கேமராவை மூடி வைத்த மாணவர்கள் சொன்ன காரணங்களில் தம் தோற்றத்தைப் பற்றிய கவலை முன்னால் நின்றது. பின்னணியில் வீட்டார் தெரிவார்களே என்பதும், இணைய இணைப்பு தாங்காது என்பதும் கூடவே வந்தன. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டிலிருந்து ஓர் இளம்பெண் கேமராவை மூடுவது அவளுடைய உரிமை. அதை ஒழுங்கீனமாகக் கணக்கிடும் விதி எங்கே இருந்தாலும் எடுத்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தூரத்திலிருந்து கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் நாவலயில் தொடங்கியது. அச்சிட்ட பாடநூலைத் தபாலில் அனுப்பி, இடையிடையே பிராந்திய நிலையங்களில் மாணவர்களைச் சந்தித்து, வேலை பார்ப்பவர்களையும் பிள்ளை வளர்ப்பவர்களையும் அது பட்டதாரிகளாக்கியது. அந்தக் காலத்துத் தொலைக்கல்விச் சிந்தனையாளர்களில் மைக்கேல் மூர் சொன்ன ஒரு கருத்து இங்கே மிகவும் வேண்டியது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தூரத்தை அவர் மைலில் அளக்கவில்லை. இருவருக்கும் இடையில் எவ்வளவு உரையாடல் நடக்கிறது, பாடத்தின் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கமானது என்பவற்றால் அளந்தார். அந்தக் கணக்கில் ஒரே மண்டபத்தில் முந்நூறு பேருக்கு நடக்கும் விரிவுரையில் கடைசி வரிசை மாணவன் வெகுதூரத்தில் இருக்கிறான். ஒப்படையின் ஓரத்தில் ஆசிரியர் கைப்பட எழுதிய நான்கு வரிகளைத் தபாலில் பெற்ற மாணவி பக்கத்தில் இருக்கிறாள்.

நம் பல்கலைக்கழகங்களில் பலவும் பயன்படுத்தும் மூடில் என்ற கற்றல் முகாமை மென்பொருளுக்கும் இப்படியொரு பிறப்புக் கதை உண்டு. அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமாஸ் மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் அவருக்குச் சிற்றலை வானொலி வழியாக வந்தது. 2002இல் அவர் வெளியிட்ட மென்பொருளின் மையத்தில் மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசிக் கற்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நாமோ அதைக் கோப்பு போட்டு வைக்கும் அலுமாரியாக ஆக்கிவிட்டோம். விரிவுரைக் குறிப்பை ஏற்று, ஒப்படையை இறக்கு, அத்தோடு சரி.

2020 மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டன. அடுத்து நடந்தது ஒரு விதத்தில் பெரிய சாதனை. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற கல்வி ஆய்வு வலையமைப்பு சூம் வசதியைத் திறந்து கொடுத்தது. பல்கலைக்கழகச் சேவையகங்களுக்கான டேட்டாவுக்குத் தொலைபேசி நிறுவனங்கள் கட்டணம் அறவிடவில்லை. ஆசிய அபிவிருத்தி வங்கி அந்த ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்ட சுருக்க அறிக்கையின்படி, மாணவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரால் நிகழ்நிலைக் கல்வியில் சேர முடிந்தது. நம் வருமான நிலையில் உள்ள நாட்டுக்கு இது குறைந்த காரியமல்ல.

ஆனால் சேருவது வேறு, கற்பது வேறு. நான் அப்போது கலந்துகொண்ட முதல் பயிற்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று மணி நேரம். எந்தப் பொத்தானை அழுத்தினால் திரையைப் பகிரலாம், எப்படிப் பதிவு செய்யலாம், சத்தம் போடும் மாணவரின் மைக்கை எப்படி மூடலாம் என்று படிப்படியாகச் சொல்லித் தந்தார்கள். அந்தப் பயிற்சி முழுவதும் நடந்ததே ஒரு நீண்ட விரிவுரையாக. நாங்கள் நூற்றுச்சொச்சம் விரிவுரையாளர்கள் மைக்கையும் கேமராவையும் மூடிவிட்டு, தேநீர் குடித்துக்கொண்டு, பாதிக் காதால் கேட்டோம். இறுதியில் "கேள்விகள் உண்டா?" என்றார்கள். இரண்டு செக்கன். "நன்றி, வணக்கம்." எங்கள் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அந்த மூன்று மணி நேரமும் எங்களுக்கே நடித்துக் காட்டியது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழியை பம்பாய் ஐ.ஐ.டி.யில் பார்க்கலாம். சஹானா மூர்த்தி, ஸ்ரீதர் ஐயர் முதலியோர் அங்கே கல்லூரி ஆசிரியர்களுக்கான இணையவழிப் பயிற்சிகளைப் பல ஆண்டுகளாக வடிவமைத்தார்கள். அந்த அனுபவத்தைத் திரட்டி, கற்பவரை மையமாகக் கொண்ட இணையப் பாடத்துக்கான ஒரு மாதிரியாக 2018இல் வெளியிட்டார்கள். அதில் என்னைக் கவர்ந்த சின்ன விஷயம் ஒன்று. காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர் ஒரு கேள்வியைக் கேட்டு, "இங்கே நிறுத்திவிட்டு உங்கள் விடையை எழுதுங்கள்" என்பார். திரும்ப ஓடவிட்டதும் அவர் நேரே சரியான விடைக்குப் போகமாட்டார். நீங்கள் எழுதியிருக்கக்கூடிய விடைகளை, பிழையானவற்றையும் சேர்த்து, எடுத்துப் பேசுவார். பதிவு செய்த காணொளிதான். ஆனாலும் பார்ப்பவருக்குத் தன்னோடு பேசுகிற உணர்வு வந்துவிடுகிறது. அந்தக் காணொளிக்கு அவர்கள் வைத்த பெயரே கற்றல் உரையாடல். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் இதை விளக்கமாகக் கேட்டறியவில்லை. மாணவராக இருந்து, நிறுத்தி, எழுதி, பிழைவிட்டு, சக ஆசிரியர்களோடு விவாதித்து, அதன் பிறகே தங்கள் பாடத்துக்கு அப்படியொன்றைச் செய்தார்கள்.

இப்படி நிறுத்துவது ஏன் வேலை செய்கிறது? 2013இல் கார்ல் ஸ்புனார், நோவல் கான், டேனியல் ஷாக்டர் ஆகியோர் செய்த பரிசோதனை இதற்குத் தெளிவான விடை தருகிறது. 21 நிமிடப் புள்ளிவிபரவியல் காணொளி ஒன்றை நான்கு துண்டாக்கினார்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பிறகும் ஒரு குழுவுக்குப் பாடத்திலிருந்து சிறு சோதனை வைத்தார்கள். சோதனை இல்லாத குழுவிடம் நடுநடுவே "இப்போது மனம் எங்கே?" என்று கேட்டபோது, 41 சதவீத நேரங்களில் அது வேறெங்கோ போயிருந்தது. சோதனை வைத்த குழுவில் அது 19 சதவீதம். குறிப்பெடுத்த அளவும் கூடியது, இறுதிப் பரீட்சைப் புள்ளியும் கூடியது. ஞாபகத்திலிருந்து ஒன்றைத் தோண்டி எடுக்கும் வேலையே ஞாபகத்தைப் பலப்படுத்துகிறது. இன்னும் சிறிது நேரத்தில் கேட்பார்கள் என்று தெரிந்த மனம் ஊர்சுற்றப் போவதில்லை.

இங்கே ஒரு தவறான புரிதலையும் திருத்தவேண்டும். இணையப் பயிற்சிகளில் எல்லாம் "காணொளி ஆறு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது" என்று ஒரு விதி வேதம் போல ஓதப்படுகிறது. அது ஃபிலிப் குவோவும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இருந்து வந்தது. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் நான்கு பாடங்களை மாணவர்கள் பார்த்த 69 இலட்சம் தடவைகளை ஆராய்ந்து, காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்க்கப்பட்ட நேரத்தின் இடையம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். அவர்கள் அளந்தது பார்த்த நேரத்தை. மூளைக்கு ஆறு நிமிடத்தில் கவனம் தீர்ந்துவிடும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரு மணி நேர விரிவுரையைக் கத்தரித்துப் பத்துத் துண்டாக்கி ஏற்றிவிட்டு, மாணவர் செய்வதற்கு நடுவில் ஒன்றும் வைக்காவிட்டால், பத்துச் சின்ன விரிவுரைகள்தான் மிச்சம்.

இனி டேட்டாக் கணக்கு. விரிவுரையாளர் பயிற்சிகளில் இதற்கு அரைமணி நேரமாவது ஒதுக்கவேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன். செக்கனுக்கு 600 கிலோபிட் ஓடுகிற மிதமான காணொளி ஒரு மணி நேரத்துக்கு 270 மெகாபைட் தின்னும். செக்கனுக்கு 64 கிலோபிட் ஓடுகிற குரல் மட்டும் என்றால் 28.8 மெகாபைட். எழுத்து? யூனிகோடின் UTF-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். இருநூறு குறிகள் கொண்ட ஒரு விடை வெறும் 600 பைட். ஒரு மணி நேரக் குரலுக்குச் செலவாகும் டேட்டாவில் 48,000 எழுத்து விடைகளை அனுப்பலாம். மாணவரைச் சிந்திக்க வைக்கிற காரியங்களில் பெரும்பாலானவை மிக மலிவானவை. ஆசிரியரின் முகத்தை ஒரு மணி நேரம் காட்டுவதுதான் விலை கூடியது. சேவையகத்துக்கு இலவசம் என்றிருந்த காலத்திலும், வட்ஸ்அப்பில் வந்த கோப்பை இறக்கவும் யூடியூப் இணைப்பைத் திறக்கவும் பிள்ளை சொந்தமாக ரீலோட் போடவேண்டியிருந்தது. மீன்பாடு இல்லாத மாதத்தில் ரீலோட் எங்கிருந்து வரும்?

2021இல் பதுளை மாவட்டத்தின் போகித்தியாவப் பிள்ளைகள் காட்டு வழியே ஏறி ஒரு பாறை உச்சியில் உட்கார்ந்து சிக்னல் பிடித்துப் படித்த படங்கள் உலகச் செய்தியாகின. படங்களைப் பார்த்து எல்லோரும் பிள்ளைகளின் விடாமுயற்சியைப் புகழ்ந்தார்கள். புகழவேண்டியதுதான். கூடவே, பாறையில் ஏறி வருகிற பிள்ளைக்கு என்ன அனுப்பவேண்டும் என்றும் ஆசிரியர் உலகம் கேட்டிருக்கவேண்டும். ஒரு தடவை ஏறினால் மூன்று நாள் வேலைக்குப் போதுமான பாடம், இறங்கிப்போய் வீட்டிலிருந்து செய்யக்கூடிய ஒப்படை, அடுத்த தடவை ஏறும்போது அனுப்பினால் போதும் என்ற தவணை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது, கொழும்பில் இருந்த விரிவுரையாளர்களும் ஏறக்குறைய அந்தப் பாறைக்கே வந்து சேர்ந்தார்கள். நேரலை வகுப்பை மட்டுமே நம்பியிருந்த பாடங்கள் அப்போது படுத்துவிட்டன. வாரத்துக்கு ஒரு பக்கக் குறிப்பு, மூன்று கேள்வி, ஐந்து நிமிடக் குரல் பதிவு என்று நடந்த பாடங்கள் தப்பின.

இன்னொரு தடை ஆசிரியரின் மனதுக்குள் இருக்கிறது. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் லூயி டெலோரியரும் சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, பௌதிகவியல் மாணவர்களுக்கு இரண்டு விதமாகக் கற்பித்துப் பார்த்தது. ஒரு பக்கம் தேர்ந்த விரிவுரை, மறு பக்கம் மாணவர்களே குழுவாக முட்டிமோதித் தீர்வு தேடும் வகுப்பு. முட்டிமோதிய மாணவர்கள்தான் சோதனையில் கூடுதலாகப் பெற்றார்கள். ஆனால் எதில் நன்றாகக் கற்றோம் என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்களே தாம் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். வழுக்கிக்கொண்டு போகிற பேச்சு விளங்கிவிட்டது போல ஒரு மயக்கத்தைத் தருகிறது. சிரமப்பட்டுக் கற்பது குழப்பமாகத் தோன்றுகிறது. பருவ முடிவில் மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தைப் பார்த்துக் கலங்கி, பழையபடி விரிவுரைக்குத் திரும்பிய இளம் ஆசிரியர்களை எனக்குத் தெரியும். முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் இந்த ஆய்வைச் சொல்லிவிடுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன். ஏன் இப்படிப் பாடுபடுத்துகிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் ஒத்துழைப்பார்கள்.

விறாந்தையில் உட்கார்ந்த அந்த நாளுக்குப் பிறகு, சக விரிவுரையாளர்களுக்கு நான் நடத்துகிற பயிற்சியை முழுவதும் மாற்றிவிட்டேன். மடிக்கணினி வேண்டாம், போன் மட்டும் போதும் என்று முதலே சொல்லிவிடுவேன். மண்டபத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, அவரவர் டேட்டாவில் வரச்சொல்வேன். தொடங்கும்போது மிச்சமிருக்கும் டேட்டாவைக் குறித்துவைக்க வேண்டும், முடியும்போது கழித்துப் பார்க்கவேண்டும். ஒருவர் மண்டபத்தில், ஒருவர் படிக்கட்டில், ஒருவர் வாகனம் போகிற வீதியோரத்தில். இரண்டாம் நாள் எல்லோரும் தங்கள் பழைய வகுப்புப் பதிவைக் கொண்டுவந்து, கடதாசியில் மூன்று கோடு போட்டு எண்ணுவார்கள்: எத்தனை கேள்வி கேட்டேன், எத்தனை செக்கன் பொறுத்தேன், வந்த விடையை என்ன செய்தேன். அந்த அறையில் அப்போது நிலவுகிற அமைதி எனக்குப் பழக்கமானது. நானும் ஒரு இரவு அப்படித்தான் இருந்தேன்.

முதல் நாளில் நான் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். இடையும் இடையமும் எப்போது வெகுதூரம் விலகும்? எழுத்தில் போடுங்கள், தமிழோ ஆங்கிலமோ, ஆங்கில எழுத்தில் தமிழோ, எதுவானாலும் சரி. கேட்டுவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன். போன தடவை ஒன்பது செக்கன் வரை ஒன்றுமில்லை. பதினோராவது செக்கனில் ஒருவர் "சம்பளம்" என்று மட்டும் போட்டார். பதினெட்டில் "ஒரு வீட்டுக்கு மட்டும் லொத்தர் விழுந்தால்". இருபதில் இரண்டு விடை ஒன்றாக வந்தன. நான் இன்னும் பேசவில்லை. முப்பத்தொன்றாவது செக்கனில், வீதியோரத்தில் நின்ற விரிவுரையாளரிடமிருந்து, பஸ் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில் தட்டி அனுப்பிய எழுத்துப்பிழையோடு, எல்லாவற்றிலும் நீளமான விடை வந்தது. மழை பிந்திய வருடத்தில் குளத்தடி வயல் ஒன்று மட்டும் விளைந்த கதை அது. அவர் பெயரைச் சொல்லி அதை முழுவதும் வாசித்தேன். வாசித்து முடித்துவிட்டு மறுபடியும் பொறுத்தேன். அவர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையின் அடியில் மூன்று புள்ளிகள் துடித்துக்கொண்டிருந்தன.